கான்ஷியஸ் கேபிடலிசம்: புத்தகத்தில் விட்டுப்போன அத்தியாயம்

ஜான் மேக்கியும் ராஜ் சிசோடியாவும் சேர்ந்து எழுதிய 'கான்ஷியஸ் கேபிடலிசம்' 2013-ல் வந்தது. அடுத்த வருடமே வாங்கிப் படித்தேன். ரொம்பப் பிடித்திருந்தது, ஆபீஸ்ல நாலு பேருக்குச் சிபாரிசு பண்ணினேன். போன மாதம் மறுபடி எடுத்து, இந்தத் தடவை பென்சிலோடு உட்கார்ந்தேன். அப்போது எழுதி வைத்த குறிப்புகளைக் கோர்த்ததுதான் இது.

முதலில் புத்தகத்துக்கு நியாயம் செய்துவிடுவோம். மேக்கி, ஹோல் ஃபுட்ஸ் கடைகளைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1980-ல் டெக்ஸாஸின் ஆஸ்டின் நகரில் முதல் கடை. மறுவருடம் மே மாதம் ஊரில் பெரிய வெள்ளம். சுமார் 4 லட்சம் டாலர் நஷ்டம், இன்சூரன்ஸ் கிடையாது. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தபோது வாடிக்கையாளர்கள் பக்கெட்டும் துடைப்பமுமாக வந்து நின்றார்கள். ஊழியர்கள் சம்பளம் கேட்காமல் வேலை பார்த்தார்கள். சரக்கு கொடுப்பவர்கள் கடனுக்குக் கொடுத்தார்கள். 28 நாளில் கடை திறந்தது. லாபத்துக்கும் மேல் ஒரு நோக்கம் வேண்டும், எல்லாத் தரப்பும் சேர்ந்து வளர வேண்டும் என்ற அவருடைய வாதம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. வெறும் பேச்சும் இல்லை. அந்தக் கடைகளில் புதிதாகச் சேர்பவரை நிரந்தரமாக்க அந்த டீமே ஓட்டுப் போட்டது. யாருக்கு என்ன சம்பளம் என்பதை எந்த ஊழியரும் பார்க்க முடிந்தது.

சரி, இனி பென்சில் கோடு போட்ட இடங்கள்.

முதல் கோடு ஆதாரத்தின் மேல். மக்கள் நேசிக்கும் நிறுவனங்கள் பங்குச்சந்தையிலும் ஜெயிக்கின்றன என்கிறது புத்தகம். இதற்கு அடித்தளம் சிசோடியா இன்னும் இருவரோடு சேர்ந்து 2007-ல் வெளியிட்ட 'ஃபர்ம்ஸ் ஆஃப் எண்டியர்மென்ட்'. அதில் தேர்ந்தெடுத்த நிறுவனங்களின் பங்குகள், 2006 ஜூனோடு முடிந்த பத்து ஆண்டில் 1026 சதவீதம் ஏறின. எஸ் அண்ட் பி 500 ஏறியது 122 சதவீதம். பார்த்ததும் வாயடைத்துப் போகும். ஆனால் நிறுவனங்களைப் பொறுக்கி எடுத்தது அந்தப் பத்தாண்டின் கடைசியில். ஓடிக்கொண்டிருக்கிற சர்வர்களின் லாகை மட்டும் பார்த்து 'எங்க கோடுல கிராஷே வராது' என்று சொன்னால் எந்த டெஸ்டராவது ஒத்துக்கொள்வாரா? நல்ல நோக்கத்தோடு தொடங்கி மூன்றாம் வருடம் மூடிய கடை அந்தப் பட்டியலுக்குள் வரவே வழியில்லை. தவிர, ஊழியரை வளர்த்ததால் லாபம் வந்ததா, லாபம் வந்ததால் ஊழியரை வளர்க்க முடிந்ததா? அந்த எண்ணை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது கோடுதான் முக்கியம். நோக்கம் சரியாக இருந்தால் லாபம் தானாகப் பின்னால் வரும் என்று புத்தகம் நம்புகிறது. வராவிட்டால்? ஹோல் ஃபுட்ஸ் 1992-லேயே பங்குச்சந்தைக்குப் போய்விட்டது. 2017-க்குள் கடைகளின் விற்பனை பல காலாண்டுகளாகத் தொடர்ந்து சரிந்திருந்தது. அந்த ஏப்ரலில் ஜானா பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான பங்கோடு வந்து உட்கார்ந்து நெருக்கியது. ஜூனில் 1370 கோடி டாலருக்கு அமேசானுக்கு விற்பதாக அறிவிப்பு. 2019-ல் இன்னொரு அறிவிப்பு: பகுதிநேர ஊழியர்களில் ஒரு சாராருக்கு மறுவருடம் முதல் மருத்துவக் காப்பீடு இல்லை. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலரானதும் அதே அமேசான் காலத்தில், 2018-ல்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இரண்டு முடிவுமே கடை ஊழியர்கள் கையில் இல்லை. வெள்ளத்தில் துடைப்பம் பிடித்த தரப்புகளுக்கு விற்பனை மேஜையில் நாற்காலியும் இல்லை.

எனக்கு இது ஏன் உறைத்தது என்றால், சின்ன அளவில் நானே இதைச் செய்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் படிப்புக்கென்று ஒதுக்கியிருந்தோம். மேனுவல் டெஸ்டிங்கில் இருந்த ஆறு பேர் ஆட்டோமேஷன் கற்றுக்கொண்டிருந்தார்கள். வரவேற்பறைச் சுவரில் 'மக்களே எங்கள் சொத்து' என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஒரு காலாண்டு கணக்கு இடித்தது. முதலில் வெட்டப்பட்டது அந்த இரண்டு மணி நேரம். ரத்து செய்து மெயில் அனுப்பியவன் நான். அந்த ஆறு பேரில் ஒரு பெண் வந்து, "சார், அடுத்த குவார்ட்டர்ல திரும்ப ஆரம்பிப்போமா?" என்றாள். "கண்டிப்பா" என்றேன். ஆரம்பிக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ஆட்குறைப்பு வந்தபோது, மேனுவல் டெஸ்டிங் மட்டும் தெரிந்தவர்கள் என்று ஒரு பட்டியல் கேட்டார்கள். அந்தப் பட்டியலையும் நான்தான் தயாரித்தேன்.

மேக்கியின் புத்தகம் இதற்கு 'விழிப்புள்ள தலைவர் வேண்டும்' என்று பதில் சொல்லும். எனக்கு அது போதவில்லை. தலைவர் மாறுவார், அல்லது என்னைப் போலப் பயப்படுவார்.

இந்த இடத்தில் ஜெர்மனியின் யேனா நகரத்து எர்ன்ஸ்ட் ஆபே ஞாபகத்துக்கு வருகிறார். நூற்பாலைத் தொழிலாளியின் மகன். அப்பா தினமும் 14 மணி நேரத்துக்கும் மேல் நின்று வேலை பார்த்ததைக் கண்டு வளர்ந்தவர். இயற்பியலாளராகி, கார்ல் ஜைஸ் மைக்ராஸ்கோப் நிறுவனத்தின் பங்குதாரரானார். ஜைஸ் இறந்த மறுவருடம், 1889-ல், ஒரு அறக்கட்டளை நிறுவி, பிறகு நிறுவனத்தையே அதற்கு எழுதி வைத்தார். 1896-ல் அதற்கு விதிமுறை எழுதினார். நிர்வாகிகள் சம்பளம் தொழிலாளியின் சராசரி ஊதியத்தைப்போல் பத்து மடங்கைத் தாண்டக்கூடாது, ஓய்வூதியம் உண்டு, சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 1900-ல் எட்டு மணி நேர வேலை. நல்ல முதலாளி என்று பெயர் வாங்குவதோடு அவர் நிற்கவில்லை, அடுத்து வருபவர் நினைத்தாலும் எளிதில் மாற்ற முடியாதபடி எழுதினார். ஜைஸ் இன்றும் அந்த அறக்கட்டளையின் கையில்தான் இருக்கிறது.

இதையும் புனிதமாக்க வேண்டாம். இரண்டாம் உலகப்போரில் அதே ஜைஸ் ஆலைகளில் கட்டாய உழைப்பு நடந்திருக்கிறது. விதிமுறை மட்டும் மனசாட்சி ஆகிவிடாது. ஆனால் மனசாட்சி மட்டும் வைத்து ஒரு கெட்ட காலாண்டைக்கூடத் தாண்ட முடியாது என்பதை நான் பார்த்துவிட்டேன்.

ஆகவே இந்தப் புத்தகத்தை இன்னமும் சிபாரிசு செய்வேன், ஒரு கேள்வியோடு: இதில் சொல்லும் ஒவ்வொரு நல்ல காரியத்தையும் நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் யாரைக் கேட்க வேண்டும்?

என்னிடம் அறக்கட்டளை எல்லாம் இல்லை. இப்போது இருக்கும் டீமில் படிப்பு நேரத்தைத் தனிச் சலுகையாக வைக்காமல், ப்ராஜெக்ட் எஸ்டிமேட்டிலேயே ஒரு வரியாகச் சேர்த்து கிளையண்டிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். வெட்ட வேண்டுமென்றால் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும். இதுவரை மூன்று ப்ராஜெக்ட்டில் தாக்குப்பிடித்திருக்கிறது.