அலைக்கு லேபிள் ஒட்டாதீங்க!

கடலோரத்திலிருந்து பத்து மைல் தாண்டினால் இந்தப் படத்தை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள் என்று விநியோகஸ்தர்கள் கையை விரித்தார்கள். இயக்குநர் ப்ரூஸ் பிரவுன் என்ன செய்தார் தெரியுமா? கடல் வாசனையே படாத அமெரிக்க நகரமான விச்சிட்டாவில், பனி கொட்டும் குளிர்காலத்தில் ஓட்டிக் காட்டினார். இரண்டு வாரம் கூட்டம் அள்ளியது! சுமார் 50,000 டாலரில் எடுத்த 'தி எண்ட்லெஸ் சம்மர்' 1966-ல் நாடெங்கும் ரிலீஸாகி வசூலைக் குவித்தது. பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கே பாதிப் படம்.

மீதிப் படம்? இரண்டு கலிஃபோர்னியா இளைஞர்கள் அலைச்சறுக்குப் பலகையோடு கோடையைத் துரத்தி உலகம் சுற்றுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் மணல்மேடுகளைத் தாண்டி இறங்கினால், கண்ணாடியில் வார்த்த மாதிரி அலை. இன்றைக்கும் சொக்க வைக்கிற காட்சி. அதில் சண்டை இல்லை.

என் புகார் வேறு. படம் முழுக்க பிரவுனின் குரல் மட்டும்தான். கானாவில் ஒரு மீனவ கிராமமே கரையில் நிற்கிறது. அவர்கள் கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அலை என்பது வெளியூர்க்காரன் வந்து 'கண்டுபிடிக்கிற' பரிசு. அவ்வளவுதான்.

அந்தப் பார்வைதான் இன்றைக்குச் சுற்றுலா விளம்பரமாகி இருக்கிறது. சென்னை பக்கத்துக் கோவளமா? 'புதியவர்களுக்கு ஏற்ற கடற்கரை' என்று ஒரு லேபிள்!

பொய் இல்லை. பாறைக்குப் பதில் மணலில் அலை உடைகிற இடத்தில், விழுந்தால் எலும்பு தப்பும். ஆனால் மணல் ஓரிடத்தில் நிற்காதே! மணல்திட்டு நகர்ந்தால் அலை உடைகிற இடமும் நகரும். இரண்டு திட்டுக்கு நடுவே பள்ளம் விழுந்தால், கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாக வேகமாகக் கடலுக்குத் திரும்பும். மேலே பார்த்தால் அங்கேதான் அலை குறைவு. புதுசா வர்றவர் 'சேஃப்'னு இறங்குவதும் அங்கேதான்! காலையில் கரைக்காற்று இருக்கும்வரை அலை சீராக வரும். மதியம் கடல்காற்று கிளம்பினால் குலைந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் அதே கடற்கரை வேறு ஆள்.

எங்க ஏழாயிரம்பண்ணையில் கடல் இல்லை, பட்டாசு இருக்கு. வெயில் ஏறுவதற்குள் மருந்துக் கலவை வேலையை முடிச்சிடணும் என்பது அங்கே முதல் பாடம். நேற்றைய அதே மருந்து, அதே கைதான். ஆனால் இன்றைய வெயில் வேறு. பெட்டி மேல் ஒட்டிய படத்தை நம்பி எவரும் மருந்தைத் தொடுவதில்லை.

2024 மே 6. குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேரை அலை கொண்டுபோனது. எங்கோ தென்கடலில் பிறந்து, இங்கே காற்றே இல்லாதபோதும் எகிறி வருகிற 'கள்ளக்கடல்' பற்றி எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்கள் அவை. கடற்கரை அழகாகத்தான் இருந்திருக்கும்.

கோவளத்தின் உண்மையான சிறப்பு அந்த லேபிளில் இல்லை. அங்கே அலைச்சறுக்குப் பள்ளியை வளர்த்த மூர்த்தி மேகவன் அதே ஊர் மீனவர். பிரவுன் பேசவிடாத ஆள், இங்கே வாத்தியார்!

படத்தை அவசியம் பாருங்கள். கோவளமும் போங்கள். பலகைக்குக் காசு கட்டுமுன், வலை பிரிக்கிறவரிடம் "அண்ணே, இன்னைக்குத் தண்ணி எப்படி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால், மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிடுங்க.