சுழலும் தண்டுக்கு ஓர் உறை

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள மல்லாட்டைக் கொல்லைகளில் மழை விழுந்ததும் ரோட்டவேட்டர் இறங்கிவிடும். மற்றவர்கள் மண்ணைப் புரட்டும் ‘எல்’ வடிவக் கத்திகளைப் பார்ப்பார்கள். என் கண் நிற்பது டிராக்டரோடு அதை இணைக்கும் பி.டி.ஓ. தண்டின் மேல். நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. வேட்டி நுனி சிக்கினால் உதற நேரமே இருக்காது. அதற்குத்தான் அந்த பிளாஸ்டிக் உறை. நாமோ, கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கழற்றி வரப்போரம் வீசிவிடுகிறோம்!

தேர்ந்த ஓட்டுநரின் அழகே தனி. இன்ஜினை அணைத்து, சாவியை இடுப்பில் செருகி, தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டருக்கு அடியில் மரக்கட்டை வைத்த பிறகுதான் கத்தியில் சுற்றிய கொடியை அறுப்பார். தீபத் திருவிழாத் தேருக்கு முட்டுக்கட்டை போடும் ஊருக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? உறை உடைந்திருந்தால், புதிதாக மாட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.