மதுவிலக்குத் துறையின் வரவேடு

தமிழகத்தில் மது வருவாய்க் கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் முன் வைக்கும் துறைக்கு, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை என்று பெயர். பெயரின் முற்பாதி 1937இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கின் எச்சம். துறையை நடத்துவதோ பிற்பாதி. ஆயத்தீர்வையும் விற்பனை வரியுமாக 2003-04இல் ஏறத்தாழ 3,639 கோடி ரூபாய் கிடைத்தது. 2023-24இல் 45,855 கோடி. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் இது சாதாரண வளர்ச்சியன்று.

1983இல் மொத்த விற்பனைக்காக நிறுவப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் முழுதாக ஏற்றது. அரசே விற்பதை நவதாராளவாதம் என்பது எங்ஙனம் பொருந்தும் என்று அன்பர்கள் வினவலாம். உடைமை யாருடையது என்பதைக் காட்டிலும் ஆள்வோரின் சிந்தனை எத்தகையது என்பதே இங்கு முக்கியம் எனக் கருதுகிறோம். எழும்பூரில் தலைமையகம் கொண்ட இந்நிறுவனம் 2003இல் தொகுப்பூதியத்தில் ஆட்களை அமர்த்தியது. 2025இலும் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அதே முறையில்தான் பணியாற்றினர். குடிமகன் இங்கு வாடிக்கையாளன். அவன் குடும்பம் சிதைந்தால் அது அவனது சொந்தத் தெரிவின் விளைவு. அவன் செலுத்திய விலை மட்டும் அரசின் வருவாய்.

இச்சிந்தனை சட்டத்தின் வாசகத்திலேயே அமர்ந்திருப்பதைக் காண வேண்டுமானால் 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளைப் புரட்டலாம். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்கிறது விதி. உடனே ஒரு விலக்கும் வருகிறது: வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று நகரமைப்பு அதிகாரிகள் வகுத்த இடங்களுக்கு இத்தூரம் பொருந்தாது. மயிலாப்பூரையும் தியாகராய நகரையும் அறிந்தோர் இதன் பொருளை உடனே உணர்வர். கடையும் வீடும் கோயிலும் பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் வட்டாரங்கள் அவை. அங்கே ஒரு வீதிக்கு வணிக நிறம் பூசப்பட்டால், தொழுகைக்கும் பாடத்திற்கும் அளித்த மரியாதை வரைபடத்திலேயே கரைந்துவிடுகிறது. சந்தை நுழையும் இடத்தில் அறம் விலகி நிற்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை.

விலை உயர்வு குடியைக் குறைக்கும் என்ற வாதத்தை நாம் முற்றாகத் தள்ளவில்லை. ஸ்காட்லாந்து 2018 மே மாதம் ஓர் அலகு ஆல்கஹாலுக்கு 50 பென்ஸ் எனக் குறைந்தபட்ச விலை விதித்தது; அங்கு அளவுகோல் சாராயச் சத்து. இங்கோ 2024 பிப்ரவரியில் சாதாரண ரகக் குவார்ட்டருக்குப் பத்து ரூபாயும், நடுத்தர, உயர் ரகங்களுக்கு இருபது ரூபாயும் கூட்டினர். மூன்று ரகங்களிலும் ஆல்கஹால் 42.8 விழுக்காடுதான். தீங்கு சமம், விலை வேறு. வாங்குபவரின் பணப்பையை அளந்து வைக்கும் இவ்விலைக்கு உடல்நலக் கொள்கை என்று பெயரிடுவதை எங்ஙனம் ஏற்பது?

அல்பகராவின் 219ஆம் வசனம் மதுவில் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவற்றினும் பாவம் பெரிது என்று தீர்க்கிறது. வரவும் அதற்கு எதிரான பற்றும் அங்கு ஒருசேர வைக்கப்படுகின்றன. பற்றுப் பக்கத்தில் வருவோர் யாவர்? மருத்துவமனை வாயிலில் நிற்கும் மனைவியர், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள். துறையின் வரவேட்டில் இவர்களுக்கு எதிராக எந்தத் தொகையும் எழுதப்படுவதில்லை.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது ஆட்சியாளர் அனைவரும் கட்சி வேறுபாடின்றிக் கூறும் மறுமொழி. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் நச்சுச் சாராயம் உயிர்களைப் பறித்தபோது கடைகள் திறந்தே இருந்தன. குவார்ட்டர் வாங்க வசதியற்றவனே அந்தப் பாக்கெட்டை நாடுகிறான் என்பது எல்லோரும் அறிந்தது. அதற்கு இரு மாதங்களுக்குப் பின் 90 மில்லிலிட்டர் பொதி அறிமுகம் பற்றித் துறை அமைச்சர் பேசினார். அடுத்த பிப்ரவரியில் குவார்ட்டர் விலை ஏறியது. அவ்வாண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் மாண்டோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அன்றும் கடைகள் நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்தன.