மறுநாளே நடக்கலாம், சரி, ஒன்பதாம் மாதம்?

மறுநாளே எழுந்து நடக்கலாம் என்பதுதான் முழங்கால் ஜவ்வு அறுவைக்கு இன்று சொல்லப்படும் பெருமை. கிருஷ்ணகிரியில் தொடங்கி ஓசூர் வழியாக பொம்மசந்திரா வரை இதே பேச்சுதான். பொய்யில்லை, நடக்கலாம். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் நின்றபடி எந்திரம் ஓட்டுபவருக்கு அது போதுமா என்பதுதான் கேள்வி.

அறுவையின் நுட்பத்தைக் குறைசொல்ல முடியாது. சிறு துளைகள் வழியே கேமராவை விட்டு, அறுந்த முன்சிலுவைத் தசைநாருக்குப் பதிலாக நோயாளியின் பின்தொடை நாணையே எடுத்துப் பொருத்துகிறார்கள். கபடியில் திரும்பும்போதெல்லாம் கால் நழுவும் இளைஞருக்கு இது வரம்தான்.

ஆனால் பொருத்திய நாண் உடனே தசைநாராகிவிடாது. முதலில் பலவீனப்பட்டு, பிறகு பல மாதங்களில்தான் வலுப்பெறும். அதற்குள் முன்தொடைத் தசை மெலிந்துவிடும். அதை மீட்பது பிசியோதெரபி மட்டுமே. நார்வே ஆய்வொன்றில் (2016), ஒன்பது மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மீண்டும் அடிபடும் வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

சுவீடனில் 121 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை என்று விடப்பட்ட 59 பேரில், ஐந்தாண்டு கழித்தும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஜவ்வு அறுவையே தேவைப்படவில்லை. நோயாளிகளே சொன்ன வலியிலும் செயல்பாட்டிலும், உடனே அறுவை செய்துகொண்டவர்களைவிட அந்தக் குழு பின்தங்கவில்லை. அப்படியானால் பயிற்சியை அறுவைக்கு ஒட்டுப்போட்ட சடங்காக நடத்துவது எந்த ஊர் மருத்துவம்?

'நோயாளிகள்தான் பயிற்சிக்கு வருவதில்லை' என்பது வழக்கமான சமாதானம். எப்படி வருவார்கள்? ஆயுஷ்மான் திட்டம் வீடு திரும்பியபின் 15 நாள் செலவோடு கைகழுவிவிடும். இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவி 70 சதவீதக் கூலி, அதுவும் ஆண்டுக்கு 91 நாள். வேலையில் பட்ட காயமென்றால் தேறும்வரை 90 சதவீதம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அறுந்த ஜவ்வுக்கு அந்தச் சலுகை கிடையாது. தொண்ணூற்றிரண்டாம் நாள் காண்ட்ராக்ட் தொழிலாளி ஷிப்டுக்குப் போவாரா, கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு அத்திப்பள்ளி தாண்டிப் பயிற்சிக்குப் போவாரா? அறுவைக்குக் கட்டணம் வாங்கிய இடம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததுண்டா?

வீடு தேடி பிசியோதெரபி தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. 2024-ல் ஐ.நா. விருதும் பெற்றது. முடங்கிய முதியவர்களுக்கு அது செய்யும் உதவி பெரிது. ஆனால் ஷிப்டுக்குப் போனவரை வீட்டில் போய்த் தேடிப் பயனில்லை. தொழிற்சாலைக்குள் நுழைந்த அதன் கிளைத் திட்டமும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும்தான் தேடுகிறது. இவ்வளவு பெரிய தொழிற்பேட்டையில், முதல் ஷிப்ட் விட்டதும் ஆள் நுழையக்கூடிய மாலைநேரப் பிசியோ அறையை இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலேயே திறக்கலாம். அதற்குக் கேமராவும் வேண்டாம், அறுவை அரங்கும் வேண்டாம். ஒரு பிசியோதெரபிஸ்ட், இரண்டு கட்டில், சில எடைக்கற்கள் போதும்.