"அன்ஃபிட்" என்று ஒரு வைத்தியம்

ஒரகடத்தில் வேலைக்குச் சேர வந்த பையன் ஒருத்தன் எங்கள் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். டிப்ளமோ, 22 வயசு. இன்டர்வியூ முடிந்து மெடிக்கல் செக்கப்பில் ரத்தம் எடுத்தார்கள். ரெண்டு நாள் கழித்து கான்ட்ராக்டரிடமிருந்து போன்: "உனக்கு மஞ்சக்காமாலை கிருமி இருக்கு தம்பி, அன்ஃபிட்." ரிப்போர்ட் கையில் தரவில்லை. எங்கே போய்க் காட்டணும் என்றும் சொல்லவில்லை. "அண்ணே, வேற கம்பெனியிலயும் இதப் பாப்பாங்களா?" என்றுதான் என்னிடம் கேட்டான். உடம்புக்கு என்ன ஆகும் என்று கேட்கவே இல்லை.

தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கியது. 2030-க்குள் ஹெபடைடிஸ் சி-யை ஒழிப்பது, பி-யின் பாதிப்பைப் பெருமளவு குறைப்பது இலக்கு. பரிசோதனை, மருந்து இரண்டும் இலவசம். சி-க்குப் பெரும்பாலும் 12 வார மாத்திரை போதும். பி முழுசாகக் குணமாவது அபூர்வம். தேவைப்படுவோருக்கு டெனோஃபோவிர் போன்ற தினசரி மாத்திரை வைரஸை அடக்கி வைக்கும். காகிதத்தில் நல்ல திட்டம்தான்.

ஆனால் இந்த வைரஸ் பல வருஷம் அறிகுறியே காட்டாது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 2.98 கோடி பேருக்கு பி இருந்தது. பெரும்பாலோருக்கு அது தெரியாது. ஆக மொத்தத் திட்டமும் "ஜனங்க தானா வந்து டெஸ்ட் எடுப்பாங்க" என்ற ஒரே அனுமானத்தில் நிற்கிறது.

அந்த அனுமானம் உடையும் இடம் கம்பெனி கேட். பி தடுப்பூசி நாடு முழுக்க வந்தது 2011-ல்தான். இன்று ஸ்ரீபெரும்புதூர் அசெம்ப்ளி லைனில் நிற்கும் இருபது, இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள் அதற்கு முன் பிறந்தவர்கள். தேட வேண்டிய தலைமுறை ஒரே இடத்தில் கூடியிருக்கிறது. நாமோ டெஸ்ட்டை அவர்களைக் கழித்துக்கட்டும் வடிகட்டியாக்கி வைத்திருக்கிறோம்.

இதற்கு மருத்துவக் காரணமும் கிடையாது. பி பரவுவது பிரசவத்தில் தாயிடமிருந்து, ரத்தம், ஊசி, உடலுறவு வழியாக. கேன்டீனில் சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவுவது ஏ-யும் இ-யும். நம்மூரில் எல்லாவற்றுக்கும் "மஞ்சக்காமாலை" என்று ஒரே பெயர். குழப்பத்தில் பாதி அங்கேயே ஆரம்பிக்கிறது.

2017-ல் வந்த எச்ஐவி சட்டம், வேலைக்கு முன்நிபந்தனையாக எச்ஐவி டெஸ்ட் கேட்பதைத் தடுக்கிறது. ஹெபடைடிஸுக்கு அப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை. சீனா 2010-லேயே வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலிருந்து பி டெஸ்ட்டை நீக்கச் சொன்னது. ஒழிப்புத் திட்டம் மருந்துக்குக் காசு ஒதுக்குகிறது. டெஸ்ட்டுக்கு வருபவன் சோற்றுக்குப் பாதுகாப்பு தரவில்லை. என் விமர்சனம் இதுதான். கேட்டில் டெஸ்ட் கூடாது. விருப்பப்பட்டு எடுத்தால் ரிசல்ட் தொழிலாளிக்கு மட்டும் போகட்டும். பாசிட்டிவ் என்றால் அரசு சிகிச்சை மையத்துக்குச் சீட்டு, இல்லையென்றால் தடுப்பூசி.

அந்தப் பையனை அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டணும் என்றார்கள். இப்போது டெஸ்ட் கேட்காத வேறு கம்பெனியில் இருக்கிறான். ஆறு மாதம் ஆனதும் ஞாபகப்படுத்தினேன். போகவில்லை. "லீவு கேட்டா எதுக்குன்னு கேப்பாங்கண்ணே" என்றான்.