எந்திரச் செய்தியும் எள்ளல் நகையும்

புதிய பொறி ஒன்று தோன்றிற்று என்னும் செய்தி பரவிய அளவிலே மக்களிடத்து இருவகை ஒலி எழும். ஒன்று வியப்பொலி, மற்றொன்று சிரிப்பொலி. அறிவியல் வரலாறு எழுதுவோர் வியப்பினை விரித்துரைப்பர். சிரிப்பினையோ அறியாமையின் அடையாளம் எனக் கூறி அகல்வர். இலக்கியத் திறனாய்வாளனுக்கு அங்ஙனம் அகலுதல் இயலாது. நகையும் ஒரு மெய்ப்பாடு. அதற்கும் நிலைக்களன் உண்டு. அதனுள்ளும் உயர்வு தாழ்வு உண்டு. எந்திரச் செய்திகளைக் குறித்து எழுந்த நகையுரைகளுள் சில நூறாண்டு கழிந்த பின்னும் நம்மை நகுவிக்கின்றன. வேறு சிலவோ எழுதியோரையே நகைப்பொருள் ஆக்கிவிட்டன. இவ்வேறுபாடு எதனான் நேர்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. இவ்வகை நகைக்கு இதழ்கள் பெரிதும் இடந்தந்த மேலை நாடுகளிலிருந்தே சான்றுகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

நகையின் நிலைக்களன்கள்

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையினை முதற்கண் வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் களன்களாக நான்கினைச் சுட்டுவர். பிறரை இகழும் எள்ளல், முதிராத இளமை, அறிவின்மையாகிய பேதைமை, கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமையாகிய மடன் என்பன அவை. பேராசிரியர் தம் உரையில் இவற்றை மேலும் நுணுகிப் பகுத்தனர். தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதலும் என எள்ளல் இருவகைப்படும் என்பது அவர் கருத்து. நகுவோனும் நகைக்கப்படுவோனும் இடம் மாறக்கூடும் என்னும் உண்மை இப்பகுப்பினுள் அடங்கிக் கிடக்கின்றது.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. புதுமை என்பதனைத் தொல்காப்பியர் மருட்கைக்குரிய களன்களுள் ஒன்றாக வைத்தனரேயன்றி, நகைக்குரிய நான்கனுள் வைத்திலர். ஒரு பொருள் புதியது என்பது அதனைக் கண்டு வியத்தற்குக் காரணமாகலாம், நகுதற்குக் காரணமாகாது. ஆகவே, புதிய பொறியைக் கண்டு ஒருவன் நகுவானாயின் அந்நகைக்குப் புதுமையின் வேறாய களன் ஒன்று இருத்தல் வேண்டும். அக்களன் பொறியினிடத்து உளதா, அதனைக் கையாளும் மாந்தரிடத்து உளதா, அன்றி நகுவோனிடத்தே உளதா என வினவுதல் நகையின் தரத்தை அறியும் வழியாகும்.

மடன்வழிப்பட்ட எள்ளல்

அமெரிக்க நாட்டுக் கிளார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராபர்ட் கோடார்டு, மிக்க உயரத்தை எய்தும் முறை குறித்து எழுதிய ஆராய்ச்சியுரையை ஸ்மித்சோனியன் நிறுவனம் 1919ஆம் ஆண்டு வெளியீடாகப் பதிப்பித்தது. கணக்குகளும் சோதனைகளும் நிறைந்த அவ்வுரையின் இறுதியில், திங்களின் இருண்ட பகுதிக்கு ஓர் இராக்கெட்டை அனுப்பி, அங்கு வெடிமருந்து ஒளிருமாறு செய்தல் கூடும் என்றொரு குறிப்பு இருந்தது. செய்தியாளர்கள் உரையை விடுத்துக் குறிப்பினைப் பற்றிக்கொண்டனர். 1920ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஆசிரியவுரைப் பகுதியில் கோடார்டை எள்ளி எழுதிற்று. காற்றில்லாத வெற்றிடத்தில் உதைத்து எழுதற்கு ஒன்றும் இல்லையாதலின் இராக்கெட்டு அங்கு இயங்காது என்றும், உயர்நிலைப் பள்ளிகளில் நாள்தோறும் புகட்டப்படும் அறிவு இப்பேராசிரியர்க்கு இல்லை போலும் என்றும் அது நகையாடிற்று.

இவ்வெள்ளலின் நடையில் குறை இல்லை. பேராசிரியரைப் பள்ளி மாணாக்கரினும் தாழ்த்திக் காட்டுதல் கேட்போரை எளிதில் நகுவிக்கும். குறை பொருளில் உள்ளது. இராக்கெட்டு காற்றை உதைத்து முன்செல்வதன்று. தன்னகத்துத் தோன்றும் வளியைப் பின்னோக்கி விரைந்து உமிழ, அதன் எதிர்விசையால் தான் முன்னோக்கி உந்தப்படுகின்றது. ஒவ்வொரு வினைக்கும் ஒத்த எதிர்வினை உண்டு என்னும் இவ்விதியை நியூட்டன் 1687ஆம் ஆண்டே நூலில் நிறுவியிருந்தார். அதனினும் வியக்கத்தக்கது, காற்றகற்றிய குழாயினுள் கோடார்டு நிகழ்த்திய சோதனைகளின் முடிபுகள் அவ்வாராய்ச்சியுரையிலேயே இடம்பெற்றிருந்தமை. எள்ளியவர் எழுப்பிய தடைக்கு விடை, எள்ளப்பட்ட உரையினுள்ளேயே இருந்தது.

ஆசிரியவுரை எழுதியவர் அறிவிலி என்று கூறுதல் பொருந்தாது. பள்ளியில் கற்ற ஒன்றை அவர் அரைகுறையாகக் கொண்டார். கொண்டதை விடாது பற்றினார். பற்றியதை அளவுகோலாக்கிப் பிறரை அளந்தார். இதனையே நம் முன்னோர் மடன் என்றனர். எள்ளல் போலத் தோன்றிய நகை மடனின் வழிப்பட்டதாக முடிந்தமையின், நகைக்குரியோன் கோடார்டு ஆகாது எழுதியவரே ஆயினர்.

கோடார்டு 1926ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16ஆம் நாள் நீர்ம எரிபொருளால் இயங்கும் முதல் இராக்கெட்டை மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆபர்ன் என்னும் ஊரில் செலுத்தினார். அஃது இரண்டரை நொடியே பறந்து 41 அடி உயரம் எழுந்தது. விளம்பரத்தை அஞ்சி ஒதுங்கிப் பணியாற்றிய அவர் 1945இல் மறைந்தார். அப்போலோ 11 புறப்பட்டதற்கு மறுநாள், 1969ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள், அந்நாளிதழ் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. நியூட்டனின் கண்டுபிடிப்பைப் பிற்கால ஆராய்ச்சிகள் உறுதி செய்துள்ளன எனவும், வெற்றிடத்திலும் இராக்கெட்டு இயங்கும் என்பது ஐயமற நிறுவப்பட்டது எனவும், பிழைக்கு வருந்துவதாகவும் முகத்தில் நகைக்குறி காட்டாது அது கூறிற்று. பேராசிரியர் வகுத்த இரண்டாம் எள்ளலுக்கு, அஃதாவது பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதலுக்கு, இத்திருத்தம் தக்க எடுத்துக்காட்டாகும். முன்னைய நகையினும் இந்நகை பண்பட்டது. எனினும் அதனைக் கேட்டு மகிழக் கோடார்டு உயிரோடு இல்லை. எள்ளல் விரைந்து சென்று தைக்கின்றது. திருத்தமோ 49 ஆண்டு கழித்து, உரியவர் மறைந்த பின் வந்து சேர்கின்றது. எழுதுகோல் ஏந்துவோர் மனங்கொள்ள வேண்டிய செய்தி இது.

இளமையைக் கண்டு நகுதல்

எந்திரங்களுக்கும் இளமைப் பருவம் உண்டு. தள்ளாடுதலும் விழுதலும் அப்பருவத்து இயல்பு. அது கண்டு நகுதல் குற்றமாகாது. ஆயின் குழவி விழுந்தமை கண்டு, இஃது என்றும் நடவாது எனத் தீர்ப்புரைத்தல் குற்றமாம். 1903ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் சாமுவேல் லாங்லி என்னும் அறிஞர் அமைத்த பறக்கும் பொறி பொட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. அதன் இரண்டாம் நாள், முன்னர்க் கூறிய அதே நாளிதழ், பறக்கும் பொறி உருவாதற்குப் பத்து இலட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுகள் ஆகலாம் என்று எழுதிற்று. அதன்பின் 69 நாள் கழிந்து, டிசம்பர் 17ஆம் நாள், ரைட் உடன்பிறந்தார் பறந்தனர். அம்முதற் பறப்பு 12 நொடியில் 120 அடி சென்றதே. அதனை நேரில் கண்டவர் சிலர் நகைத்திருப்பினும் வியப்பில்லை. ஒரு பெரிய வீட்டின் முற்றத்தைக் கடக்கும் தொலைவே அது.

இளமையைக் குறித்த நல்ல நகைக்கும் சான்று உண்டு. 1783ஆம் ஆண்டு பாரிசு நகரத்தில் ஆவிக்கூண்டு பறந்தபோது இதனால் யாது பயன் என ஒருவர் வினவ, அங்கிருந்த பெஞ்சமின் பிராங்கிளின், பிறந்த குழவியால் யாது பயன் எனத் திருப்பி வினவினார் என்பர். இவ்விடையும் நகையே, இதன் களனும் இளமையே. எனினும் இது கூண்டினை எள்ளவில்லை, வினவியவரையும் புண்படுத்தவில்லை. குழவியைக் கண்டு வளர்ச்சியை நினையும் கண் இதற்கு உண்டு. ஒரே களனிலிருந்து தாழ்ந்த நகையும் உயர்ந்த நகையும் பிறத்தல் கூடும் என்பது இதனால் விளங்கும்.

ஒரு தடையும் விடையும்

பின்னர் நிகழ்ந்தவற்றை அறிந்துகொண்டு முன்னர் எழுதியோரைப் பழித்தல் முறையோ என ஒருவர் வினவலாம். தக்க வினாவே. மாந்தர் திங்களை அடைந்தனர் என்பதனால் 1920ஆம் ஆண்டு ஆசிரியவுரை இழுக்குடையதாயிற்று என்று நாம் கூறவில்லை. திங்களை ஒருவரும் அடையாதிருப்பினும் அவ்வுரை இழுக்குடையதே. தான் எள்ளிய ஆராய்ச்சியை அது ஆராயவில்லை என்பதே அதன் குற்றம். அக்குற்றம் எழுதிய அன்றே நிகழ்ந்தது.

இதனை மறுதலையாலும் காட்டலாம். எள்ளப்பட்டோர் அனைவரும் கோடார்டு ஆகார். பிலடெல்பியா நகரத்து ஜான் கீலி என்பவர் 1870களில், சிறிதளவு நீரிலிருந்து அளவிறந்த ஆற்றலை எழுப்பும் பொறியைக் கண்டதாகக் கூறிப் பெரும்பொருள் திரட்டினார். பொறியின் உள்ளமைப்பினை வெளியிட மறுத்து 1888இல் நீதிமன்ற அவமதிப்பிற்காகச் சிறையும் புகுந்தார். 1898இல் அவர் இறந்த பின்னர், அவருடைய பணிமனையின் நிலத்தடியில் அழுத்திய காற்றை அடக்கும் பெரிய உலோகக் கோளம் ஒன்று காணப்பட்டது. அவரை எள்ளியோர் செய்தது நன்று. அவர்கள் நகைத்தது பொறியின் புதுமையையன்று. சோதனைக்கு இடந்தராத மறைப்பினையும், மறைத்ததை நம்பிப் பொருள் ஈந்தோரின் பேதைமையையும் அவர்கள் நகைத்தனர். இத்தகைய நகை ஊரைக் காக்கும் வேலி. ஆதலின் எந்திரச் செய்தியைக் கேட்டு எவரும் நகுதல் கூடாது என விதித்தல் வேலியைப் பிடுங்கி எறிவது போலாகும்.

மாந்தரைக் காட்டும் நகை

இனி, காலத்தை வென்று நிற்கும் நகையினைக் காண்போம். தொலைபேசிக்குப் பெல் உரிமம் பெற்றது 1876இல். நான்கு ஆண்டு கழித்து, 1880இல், மார்க் டுவைன் தொலைபேசி உரையாடல் ஒன்றைக் குறித்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். அறையில் அமர்ந்திருக்கும் ஒருவர் செவியில், பெண்ணொருத்தி தொலைபேசியிற் கூறுவன மட்டுமே விழுகின்றன. எதிர்முனையிலிருந்து வருவன விழுவதில்லை. விடையின்றி வினாக்கள் வருகின்றன. வினாவின்றி விடைகள் வருகின்றன. காரணம் தெரியாது வியப்பும் வருத்தமும் எழுகின்றன. டுவைன் பொறியைப் பழிக்கவில்லை; அஃது இயங்குமா இயங்காதா எனத் தீர்ப்புரைக்கவும் இல்லை. பாதிப் பேச்சைக் கேட்போனின் திகைப்பையும், அருகிருப்போரை மறந்து தொலைவிலிருப்போரோடு உறவாடும் மாந்தர் இயல்பையும் காட்டியதோடு அமைந்தார். இன்று கம்பியும் இன்றிப் பேசுகின்றோம். பேருந்தில் அருகிருப்பவர் பேச்சின் பாதியைக் கேட்டுத் திகைக்கும் நம் நிலை மாறவில்லை. ஆதலின் அந்நகையும் மூப்படையவில்லை.

இதற்கு ஈராண்டு முன்னர், எடிசனின் பெயர் செய்திகளில் நிறைந்திருந்த காலத்தில், இலண்டன் பஞ்ச் இதழின் 1879ஆம் ஆண்டுக்குரிய சிறப்பு மலர் 1878 டிசம்பரில் வெளிவந்தது. அதில் ஜார்ஜ் டு மோரியர் ஒரு நகையோவியம் தீட்டினார். எடிசன் புதிதாக ஒரு கருவியைப் படைத்துவிட்டார் என்பது கற்பனை. இலண்டனில் தந்தையும் தாயும் அறைச்சுவரில் விரிந்த திரையை நோக்கி அமர்ந்துள்ளனர். அத்திரையில் இலங்கையில் பந்தாடும் அவர்தம் மக்கள் தோன்றுகின்றனர். தந்தை தம் மகளை அருகே அழைத்து, கமுக்கமாகக் கேட்கவேண்டும் என்று கூறி, ஆட்டத்தில் உள்ள அழகிய பெண் யார் என வினவுகின்றார்.

இன்றைய காணொலிப் பேச்சினை இவ்வோவியம் முன்னரே உரைத்தது எனப் பலர் பாராட்டுவர். அப்பாராட்டு உண்மையே, எனினும் ஓவியத்தின் சிறப்பு அதனோடு முடிவதன்று. கடல்களைக் கடந்து காணவும் பேசவும் வல்ல கருவி கைக்கு வந்த பின்னும், தந்தை கேட்க விரும்பியது யாது என்பதில் அதன் நகை உள்ளது. தொலைவு குறைந்தது, மாந்தர் மனம் இருந்தவாறே இருந்தது. அத்தகைய கருவி இன்றளவும் தோன்றாதிருப்பினும் இவ்வோவியம் நம்மை நகுவிக்கும். கணித்துக் கூறும் நோக்கமே இல்லாது வரைந்த நகைஞன் உண்மைக்கு அணுக்கமாகச் சென்றமையும், தீர்ப்புக் கூறும் நோக்கத்தோடு எழுதிய ஆசிரியவுரை உண்மையினின்று நெடுந்தொலைவு விலகியமையும் ஒப்பிட்டு உணரத்தக்கன.

முடிபு

பொறி செய்ய வல்லது யாது, செய்ய மாட்டாதது யாது என்பது ஆராய்ச்சிக்குரிய வினா. அதற்கு நகையால் விடை கூறுவோன் தன் மடனைப் பறைசாற்றும் இடர்ப்பாட்டிற்கு உட்படுகின்றான். பொறியை முன்னிட்டு மாந்தர் செய்வன யாவை என்பது நகைக்கு உரிய வினா. அதனைக் கண்டு கூறுவோன் பொறி பழையதாகி மறைந்த பின்னும் வாழ்வான். இவ்விரண்டிற்கும் இடையே, சோதனைக்கு உட்படாத பெருங்கூற்றுகளை எள்ளும் காவல் நகைக்கும் இடம் உண்டு. ஆயின் அவ்வாறு எள்ளுவோன் எள்ளப்படும் பொருளை முதலில் கற்றிருத்தல் கடன்.

எண்ணும் எந்திரம், எழுதும் எந்திரம் எனச் செய்திகள் நாள்தோறும் வரும் காலம் இது. அச்செய்திகளைத் தொடர்ந்து எள்ளுரைகளும் வருகின்றன. அவற்றுள் எது நிற்கும், எது வீழும் என அறிதற்கு எதிர்காலம் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. எள்ளியவர் தாம் எள்ளியதைப் படித்தாரா என்று மட்டும் வினவுக. அவ்வினாவிற்கு விடை அன்றே கிடைக்கும்.