செவியும் கையும்

திரைப்பட இசையைப் பகுத்துக் காட்டும் இணையக் காணொளிகளை ஆசானாகக் கொண்டு இசையமைக்கக் கற்போர் இன்று பலர். இசை ஒலிக்க, அதன் குறிப்புகள் திரையில் நகர, எந்தச் சுரக்கூட்டை எது தொடர்கிறது என்று ஒருவர் விளக்குகிறார். இசைக்கல்லூரியின் வாயிலை மிதிக்க வசதியற்ற இளையோர்க்கு இது பெருங்கொடை. எனினும் இக்கொடை எதைத் தருகிறது, எதைத் தரவில்லை என ஆராய்தல் நம் கடமையாகும்.

சான்றாக, ரோலண்ட் ஜோஃபே இயக்கி 1986-இல் வெளிவந்த ‘தி மிஷன்’ திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். பதினெட்டாம் நூற்றாண்டில் தென் அமெரிக்கக் குவாரனி மக்களிடையே பணியாற்றிய இயேசு சபையினரின் கதை அது. இசையமைத்தவர் உரோமை நகரத்து என்னியோ மொரிக்கோனே (1928–2020). அருவிக்கு மேலுள்ள காட்டில் அருள்தந்தை கபிரியேல் தனியே அமர்ந்து ஓபோ வாசிக்கும் காட்சியை அறியாதார் சிலரே.

அந்தப் பண் டி மேஜரில் அமைந்தது என்பதையும், அதன் சுரக்கூட்டுகளையும் காணொளி நமக்குச் சொல்லிவிடும். ஆனால் அது ஏன் அவ்வாறு பிறந்தது? தம்மைக் கட்டிய கட்டுகளை மொரிக்கோனேயே விளக்கியிருக்கிறார். கதை நிகழும் காலம் 1750-ஐ ஒட்டியது, கருவி ஓபோ, நடிகரின் விரல் அசைவுகளோ ஏற்கெனவே படமாகிவிட்டன. அக்காலத்துக்குரிய அணிச்சுரங்களை அவ்விரல்களுக்கு இசைய அவர் அமைத்தார். அவர் பணிந்த கட்டுகளிலிருந்தே அழகு பிறந்தது. சுரக்கூட்டின் பெயரோடு நின்றுவிடும் விளக்கம் இதனைத் தொடுவதில்லை.

இன்னும் ஒன்று உண்டு. ஓபோவின் பண், திருச்சபையின் பலகுரல் இசை, பூர்வகுடிகளை நினைவூட்டும் தாளம் ஆகிய மூன்றையும் மொரிக்கோனே ஒரே இசைப்பகுதியில் ஒருங்கே ஒலிக்கச் செய்கிறார். அதன் தலைப்பு, ஆண்டவர் கற்பித்த செபத்தின் ‘விண்ணுலகில் போல மண்ணுலகிலும்’ என்னும் சொற்களே. ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. படத்தின் கதையில் குவாரனி மக்கள் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே நிற்கின்றனர். கதை தரத் தவறிய சமநிலையை இசை தர முயல்கிறது. இதைக் கேட்டுணர்வதே திறனாய்வு. இதற்குக் குறிப்புத்தாள் மட்டும் போதாது. வரலாறும் மனச்சான்றும் வேண்டும்.

பகுத்தறிந்து கற்பது புதிய முறையன்று. பாக், விவால்டியின் படைப்புகளைத் தம் கையால் ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் மாற்றி எழுதினார். 1725-இல் ஃபுக்ஸ் வெளியிட்ட எதிரிசை நூல் குருவும் சீடரும் உரையாடும் வடிவினது. அதில் சீடர் எழுதுகிறார், குரு திருத்துகிறார். ஆசிரியர் துணையின்றி ஹைடன் அந்நூலின் பயிற்சிகளைச் செய்தே தேர்ந்தார். ஆகவே தனித்துக் கற்பது குறையன்று. எழுதாமல் கற்பதே குறை. காணொளியோ நாம் வாளாவிருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிறர் புரிந்துகொண்டதைக் கேட்டுவிட்டு நாமே புரிந்துகொண்டதாக மயங்குகிறோம்.

நம் பங்குகளில் விசைப்பலகை மீட்டும் இளைஞர்க்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: ஒரு காணொளியைப் பார்த்தபின் கருவியை அணைத்துவிடுங்கள். செவி நினைவில் வைத்திருப்பதைத் தாளில் எழுதுங்கள். பின்னர் மூலத்தோடு ஒப்பிடுங்கள். அதன்பின் உங்கள் பாடற்குழுவின் குரல்களை எண்ணி, எட்டே அளவுகளில் சொந்தமாக ஒன்று எழுதுங்கள். அவர்களால் அதைப் பாட முடிகிறதா என்று கேளுங்கள். எந்தக் காணொளியும் தராத திருத்தத்தை அக்குரல்கள் தரும்.